வடகோடியில் அபிவிருத்தி யாருக்கு?

"நிலைத்த அபிவிருத்தி" என்று ஒரு சொல் இப்பொழுது உலகமெங்கும் அடிபடுகின்றது. மந்திரிகளின் மகாநாட்டுத் தீர்மானங்களிலும் கம்பெனிக்காரர்களின் அறிக்கைகளிலும் இந்தச் சொல் இல்லாத பக்கமே இல்லையெனலாம். சொல் நல்ல சொல்தான். இன்றைக்கு வாழ்கின்றவன் நாளைக்குப் பிறக்கப் போகின்றவனின் சோற்றில் மண்ணைப் போடாமல் வாழவேண்டும் என்பதே அதன் பொருளாகும். ஆனால் எவ்வளவு நல்ல சொல்லானாலும், அது யாருக்குப் பயன்படுகின்றது என்று கேட்காமல் அறிவுள்ளவன் ஏற்றுக்கொள்ள மாட்டான். நிலைக்கப் போவது எது? அபிவிருத்தி அடையப் போவது யார்? அதை முடிவு செய்யும் உரிமை யார் கையில் இருக்கின்றது? பூமியின் வடகோடியை வைத்து இதைப் பரீட்சித்துப் பார்ப்போம்.

ஆர்க்டிக் என்னும் அப்பிரதேசம் ஆளற்ற பனிக்காடு என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். அது தவறு. கனடா, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ருஷ்யா, ஸ்வீடன், அமெரிக்கா ஆகிய எட்டுத் தேசங்களுக்கு அங்கே பாத்தியதை உண்டு. சுமார் 40 லட்சம் ஜனங்கள் அங்கே வாழ்கின்றார்கள். அவர்களில் இன்னுயிட், சாமி, அலூட் முதலிய பூர்வகுடிகள், இந்த சர்க்கார்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கு இருந்து வருகின்றவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன? அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரைக்கூட மதிக்காமல் சாமிகளை "லாப்" என்றும், இன்னுயிட்டுகளை "எஸ்கிமோ" என்றும் பிறர் வைத்த பெயரால் அழைத்தார்கள். கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசியதற்காகத் தண்டித்தார்கள். அதற்காக அந்த சர்க்கார் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டது 2008-ம் வருஷத்தில்தான்.

இந்நிலையில் 1996-ம் வருஷம் செப்டம்பரில் ஒட்டாவா நகரில் மேற்படி எட்டு சர்க்கார்களும் கூடி "ஆர்க்டிக் கவுன்சில்" என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. சுற்றுச்சூழலைக் காப்பதும் நிலைத்த அபிவிருத்தியுமே அதன் நோக்கம். அதில் பாராட்டத்தக்க ஒரு புதுமையும் உண்டு. பூர்வகுடிகளின் ஸ்தாபனங்கள் நிரந்தரப் பங்காளிகளாக மந்திரிகளுடன் ஒரே மேஜையில் உட்காருகின்றன. இன்று அப்படிப்பட்ட ஸ்தாபனங்கள் ஆறு இருக்கின்றன. அவர்களைக் கலந்து ஆலோசிக்கவேண்டும் என்பது விதி.

ஆனால் முடிவு செய்யும் அதிகாரம் எட்டு சர்க்கார்களுக்கு மட்டுமே. ஆறு பேருக்கும் நாற்காலி உண்டு, ஓட்டு இல்லை. அதுமட்டுமா? அந்தப் பிரகடனத்தின் அடிக்குறிப்பைப் பாருங்கள். பூர்வகுடிகளைத் தனித்தனி மக்களினங்கள் என்று இதில் எழுதியிருப்பதால், சர்வதேசச் சட்டப்படி அச்சொல்லுக்குரிய உரிமைகள் இருப்பதாக யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது என்று அதில் எழுதி வைத்திருக்கின்றார்கள். விருந்துக்கு அழைத்து, இலையையும் போட்டு, "இதனால் சாப்பாட்டுக்கு உரிமை வந்துவிட்டதாக எண்ணவேண்டாம்" என்று சொல்வது போன்றதல்லவா இது?

"ஓட்டு இல்லாவிட்டால் என்ன, பேச இடம் கிடைத்ததே" என்று சிலர் கேட்கலாம். பேச இடம் கிடைத்ததனால் பயன் விளைந்தது உண்மையே. 1980-களில் கனடாவின் கியூபெக் மாகாணத்து வடபகுதியில் இன்னுயிட் தாய்மார்களின் முலைப்பாலைச் சோதித்தார்கள். பி.சி.பி. என்னும் விஷம், தெற்கே வாழும் பெண்களின் பாலில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக அதில் இருந்தது. அவர்கள் ஊரில் அதைச் செய்யும் ஆலை ஒன்றுகூடக் கிடையாது. தெற்கேயுள்ள தொழிற்சாலைகளிலும் மின்சார யந்திரங்களிலும் உபயோகித்த சரக்கு, காற்றிலும் கடல் நீரோட்டத்திலும் வடக்கே போய், குளிரில் படிந்து, மீனுக்குள் புகுந்து, மீனைத் தின்ற பிராணியின் கொழுப்பில் சேர்ந்து, கடைசியில் தாயின் மடிக்கு வந்து சேர்ந்தது. இது விதியல்ல, விஞ்ஞானம் கண்டுபிடித்துச் சொன்ன காரணம். இன்னுயிட் மக்கள் ஷீலா வாட்-க்ளூட்டியே அம்மையார் போன்ற பிரதிநிதிகளை சர்வதேசப் பேச்சுவார்த்தைகளுக்கு அனுப்பி வாதாடினார்கள். 2001-ல் ஸ்டாக்ஹோமில் ஒப்பந்தம் கையெழுத்தாகி 2004-ல் அமலுக்கு வந்தது. ஆர்க்டிக் பூர்வகுடிகளின் ஆபத்து அதன் முகவுரையிலேயே இடம் பெற்றிருக்கின்றது.

பாதிக்கப்பட்டவன் பேசினால் உலகம் திருந்தும் என்பதற்கு இது சாட்சி. பேச்சு மட்டும் போதாது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அது நார்வேயில் போசன் என்ற இடத்தில் நிற்கின்றது. அங்கே சாமி மக்கள் பனிமான் மேய்க்கும் குளிர்கால நிலத்தில் காற்றாலைகளை நிறுவினார்கள். மொத்தம் 151. காற்றிலிருந்து மின்சாரம், புகையில்லை, ஆகவே நிலைத்த அபிவிருத்தி என்றார்கள். மேய்ச்சலை இழப்பவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021-ம் வருஷம் அக்டோபரில் அத்தேசத்து உச்ச நீதிமன்றம், அந்த லைசென்ஸ் சாமி மக்களின் கலாசார உரிமைக்கு விரோதமானது, ஆகவே செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. பிறகு என்ன நடந்தது? காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன! 500 நாள் கழித்து வாலிபர்கள் மந்திரி காரியாலயத்தில் உட்கார்ந்து மறியல் செய்த பிறகே, 2023 மார்ச்சில் சர்க்கார் மன்னிப்புக் கேட்டது. பின்னர் 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் நஷ்டஈடு, மாற்று மேய்ச்சல் நிலம் என்று சமரச ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. காற்றாலைகளை மட்டும் எடுக்கவில்லை.

"அப்படியானால் காற்றாலையும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. யந்திரம் மனிதனுடைய அறிவின் பலன். அதை வெறுப்பவன் மூடன். நாம் கேட்பதெல்லாம், நிலத்துக்காரனைக் கேட்ட பிறகு நடுங்கள் என்பதுதான். நிலக்கரிக்காகப் பிடுங்கினாலும் காற்றுக்காகப் பிடுங்கினாலும் பிடுங்கப்பட்டவனுக்கு வித்தியாசம் என்ன?

சர்க்கார்களின் சண்டையும் இவர்கள் தலையில்தான் விடிகின்றது. 2022-ல் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்ததும் மற்ற ஏழு தேசங்களும் கவுன்சில் வேலையை நிறுத்தி வைத்தன. படையெடுப்பைக் கண்டித்தது நியாயமே. ஆனால் சாமி மக்கள் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ருஷ்யா ஆகிய நான்கு தேசங்களிலும் பிரிந்து கிடக்கின்றார்கள். எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் அவர்களல்லவே!

இந்தியாவும் 2013 முதல் அந்தக் கவுன்சிலில் பார்வையாளராக இருந்து வருகின்றது. பார்வையாளர்கள் பூர்வகுடிகளின் பண்பாட்டையும் நலனையும் மதிக்கவேண்டும் என்பது அங்கே நிபந்தனை. பனி உருகினால் கப்பல் போக வழி கிடைக்கும், எண்ணெய் கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்பது மட்டும் பார்வையாகாது. அங்கு வாழ்பவனுக்கு ஓட்டு உண்டா என்று கேட்பதும் பார்வைதான்.

தோழர்களே! ஒத்துழைப்பு என்பது சமமானவர்களுக்குள் நடப்பது. ஒருவன் உத்திரவு போட, மற்றவன் தலையாட்டினால் அதற்குப் பெயர் வேறு. அங்கே வாழ்கின்றவன் "வேண்டாம்" என்று சொன்னால் அந்தச் சொல் செல்லுபடியாக வேண்டும். அது செல்லாத இடத்தில் எத்தனை மகாநாடு கூடினாலும் நிலைக்கப் போவது அபிவிருத்தியல்ல, பழைய ஆதிக்கமே.