‘கைக்குழந்தையோட எதுக்கு கல்யாணத்துக்கு?’ - கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்போமா!

ஹாஸ்டலில் நான்கு வருடம் ஒரே அறை. என் அரியர் தேர்வுக்கு அவளும் தூங்காமல் கூடவே உட்கார்ந்திருந்தாள். அப்படிப்பட்டவளுக்குச் சென்னையில் கல்யாணம். வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்த கையோடு, ‘முதல் நாளே வந்துடணும்டி, சொல்லிட்டேன்!’ என்று வாய்ஸ் நோட்டும் வந்தது. நான் இருப்பதோ மதுரையில். மடியில் ஏழு மாதக் குழந்தை.

வீட்டில் சொன்னதும் வந்த முதல் பதில், ‘கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு அவ்ளோ தூரம் எதுக்கும்மா? போன்ல வாழ்த்து சொல்லு, மொய்யை ஜிபே பண்ணிடு.’

இரண்டு மாதத்துக்கு முன்புதான் என் கணவர் தன் நண்பனின் கல்யாணத்துக்காகக் கோவை போய், இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார். ‘குழந்தையை யாரு பார்த்துப்பா?’ என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கைக்குழந்தையோடு வெளியூர் போவது எவ்வளவு பாடு என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஆனால், இத்தனை திட்டங்கள், இத்தனை அறிவிப்புகளுக்குப் பிறகும் அது ஏன் பாடாகவே இருக்கிறது?

கர்ப்பிணிக்கு லோயர் பெர்த்... தாய்க்கு?

முதலில் ரயில். ஸ்லீப்பர், ஏசி பெட்டிகளில் சில லோயர் பெர்த்களை ரயில்வே தனியாக ஒதுக்கி வைக்கிறது. மூத்த குடிமக்கள், 45 வயதைத் தாண்டிய பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கான ஒதுக்கீடு அது. நல்ல விஷயம்தான். ஆனால் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்வரை அம்மாவுக்கு இடம் உண்டு. பிறந்து மடிக்கு வந்துவிட்டால், அவர் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்!

பெண்களுக்கான பொது ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால், அதில் லோயர் பெர்த்தான் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், அதனால் பெர்த்தும் இல்லை. தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ஏழு மாதக் குழந்தையைத் தனி பெர்த்தில் படுக்க வைக்கவும் முடியாது. ஆக, மிடில் பெர்த் கிடைத்த அம்மா, எதிரில் இருப்பவரிடம் ‘அண்ணா, கொஞ்சம் மாத்திக்கலாமா?’ என்று கெஞ்ச வேண்டும். எனக்கு மாற்றிக் கொடுத்தவர் நல்ல மனிதர். ஆனால், ஓர் இரவுத் தூக்கத்துக்கு யாரோ ஒருவரின் நல்ல மனதை நம்பியே கிளம்ப வேண்டியிருக்கிறது.

2022 மே மாதம், லக்னோ மெயில் ரயிலில் ‘பேபி பெர்த்’தை ரயில்வே சோதனை செய்தது. லோயர் பெர்த்தின் ஓரத்தில் விரித்துக்கொள்ளும்படி ஒரு குட்டிப் படுக்கை. செய்தி அப்போது வைரலானது. நான் ஏறிய ரயிலில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. பார்த்தது, பக்கத்துப் பெட்டியில் ஓர் அம்மா சேலையில் கட்டியிருந்த தூளியைத்தான்!

அறை இருக்கு... சாவி எங்கே?

அடுத்து பஸ். தமிழக அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. 2022-ல் அறிவிக்கப்பட்ட சலுகை இது. அதற்கும் முன்பே, 2015 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா, மாநிலம் முழுக்கப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட திட்டம்.

ஊர் திரும்பும்போது நாங்கள் பஸ்ஸில் வந்தோம். வழியில் ஒரு பெரிய பேருந்து நிலையம். அறை இருந்தது, போர்டு இருந்தது, பூட்டும் இருந்தது. சாவி யாரிடம் என்று மூன்று பேரிடம் விசாரித்தேன். அதற்குள் குழந்தை அழுது சிவந்துவிட்டாள். கடைசியில் துப்பட்டாவை மறைப்பாக்கி, ஒரு பெட்டிக்கடைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்தேன்.

அறையைத் திறந்துவைப்பது ஒருநாள் வேலை. அதைத் தினமும் திறந்து வைப்பதுதான் திட்டம். கூட்டிப் பெருக்க ஒருவர், எரிகிற விளக்கு, ஓடுகிற மின்விசிறி, உள்ளே தாழ்ப்பாள்... இவை இல்லாவிட்டால் அது வெறும் சுவர்தான். எத்தனை அறைகள் கட்டினோம் என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை அம்மாக்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விதான் அதிகம் எழுவதில்லை.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இதைப் பேசியது. பொது இடங்களில் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது, இருக்கிற பொதுக் கட்டடங்களில் முடிந்தவரை பாலூட்டும் அறைகள் வேண்டும், புதிதாகக் கட்டுபவற்றில் திட்டமிடும்போதே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றது. தாயின் அந்தரங்கமும் குழந்தையின் நலனும் சலுகைகள் அல்ல, உரிமைகள் என்பதே அதன் சாரம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதையே நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் சொல்கிறார்கள். அப்படியென்றால், அந்த அம்மா வெளியில் போகும் இடமெல்லாம் குழந்தைக்குப் பசிக்கத்தானே செய்யும்?

அப்பாவுக்கும் இடமில்லை!

இன்னொரு விஷயம். பாலூட்டும் அறைக்குள் ஆண்கள் போக முடியாது. அது சரியே. ஆனால், டயப்பர் மாற்றும் மேடை எங்காவது இருந்தால், அது அந்த அறையிலோ பெண்கள் கழிப்பறையிலோதான் இருக்கிறது. ‘நான் மாத்துறேன், நீ சாப்பிடு’ என்று கணவர் எழுந்தாலும் அவருக்குப் போக இடமில்லை. குழந்தை வளர்ப்பு அம்மாவின் வேலை மட்டும்தான் என்பதை நம் கட்டடங்களே முடிவு செய்துவிடுகின்றன. அதனால்தான் என் கணவரிடம் வராத கேள்வி என்னிடம் மட்டும் வந்தது.

மண்டபத்திலும் இதே கதைதான்!

மணமகன் அறை, மணமகள் அறை, மளிகைச் சாமான் அறை என எல்லாவற்றுக்கும் மண்டபத்தில் கதவு உண்டு. குழந்தையைத் தூங்க வைக்க ஒரு மூலை கிடையாது. முந்தைய நாள் ரிசப்ஷனில் டி.ஜே ஸ்பீக்கர் அதிர்கிறது. விடிந்தால் கெட்டிமேளம். நான் பாதி நேரம் சாமான் அறையில், காய்கறி மூட்டைகளுக்கு நடுவேதான் இருந்தேன்.

அரசாங்கம் வராத இடம் இது. இங்கே மாற்றம் நம் கையில் இருக்கிறது. சில யோசனைகள்...

* கல்யாணம் உங்களுடையதா? கைக்குழந்தையோடு வரும் தோழிக்கு, ‘வந்துடு’ என்பதோடு, ‘உனக்கு ஒரு ரூம் சொல்லி வெச்சிருக்கேன்’ என்று ஒரு மெசேஜ் போடுங்கள். ஒரு அறை, ஒரு பாய், ஒரு ஃபேன் போதும்.

* போகிறவர் நீங்களா? ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் நிற்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். குழந்தையின் தூக்கத்துக்கு எது ஒத்துவருமோ, அதற்குப் போங்கள்.

* ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குழந்தையோடு உட்கார வேண்டாம். தடுப்பூசி போட்ட மறுநாள் பயணம் வைக்காதீர்கள். மாற்றுத்துணி, தெர்மாமீட்டர், டாக்டர் சொன்ன மருந்துகள் எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும்.

* கணவரும் வருகிறார் என்றால், வேலையை முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். தாலி கட்டும் நேரம் குழந்தை அவர் கையில் என்று கிளம்பும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

* பாலூட்டும் அறை பூட்டியிருந்தால் சும்மா வராதீர்கள். நிலைய அலுவலகத்தில் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். அடுத்து வரும் அம்மாவுக்காவது கதவு திறக்கும்.

குழந்தை பிறந்த முதல் வருடத்தில் பல பெண்களுக்கு நட்பு வட்டம் சத்தமில்லாமல் சுருங்கிவிடுகிறது. யாரும் சண்டை போடுவதில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, ஒரு வளைகாப்புக்குப் போக முடியவில்லை, பிறகு கூப்பிடுவதும் நின்றுவிடுகிறது. கொஞ்ச நாளில், ‘அவ ரொம்ப மாறிட்டா’ என்று சொல்லிவிடுகிறோம். அவள் மாறவில்லை. வந்து சேர அவளுக்கு வழிதான் கிடைக்கவில்லை.

நான் போய்வந்தேன். மேடையில் என் தோழி மாலையோடு குழந்தையைக் கை நீட்டி வாங்கினாள். இவள் மாலையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்து வாயில் வைக்கப் பார்க்க, இருவரும் பதறிப் பிடுங்கினோம். ஆல்பத்தில் அந்தப் படம்தான் எங்களுக்குப் பிடித்தது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு பத்திரிகை வரும்போது, ‘குழந்தையோட எதுக்குப் போற?’ என்று கேட்காதீர்கள். ‘குழந்தையோட எப்படிப் போற... நான் என்ன செய்யட்டும்?’ என்று கேளுங்கள்.