புத்தியுள்ள பிரேக்! ஆத்தூர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

"பிரேக் பிடிக்க எனக்குத் தெரியாதா? அதற்கும் ஒரு மெஷினா?"

இப்படிக் கேட்டவர் ஒரு தென்னந்தோப்புக்காரர். திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில், டீக்கடையில்தான் பேச்சு. வெளியே ஒரு புது மோட்டார் சைக்கிள் நின்றது. அவருடைய மருமகன் வாங்கியது. முன் மட்கார்டில் "ஏ.பி.எஸ்." என்று எழுதியிருந்தது.

அது என்ன?

அவசரத்தில் நாம் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறோம். சக்கரம் சுற்றாமல் நின்றுவிடுகிறது. ஆனால் வண்டி நிற்பதில்லை! ஈர ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆள் கீழே!

இதைத் தடுப்பதுதான் ஏ.பி.எஸ். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று ஒரு சிறு கருவி கவனித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால் பிரேக் கொஞ்சம் தளரும். மறுபடி பிடிக்கும். ஒரு விநாடிக்குள் பல தடவை!

1988-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி மோட்டார் சைக்கிளில் இதை வைத்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் 1 முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு இது கட்டாயம் ஆயிற்று.

மருமகன் சொன்னார்:

"மாமா, போன ஐப்பசி மழையில் செம்பட்டி ரோட்டில் ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. பின்னால் உங்கள் மகள் உட்கார்ந்திருந்தாள். பிரேக்கைப் பிடித்தேன். கைக்குள் 'டக டக' என்று துடித்தது. வண்டி நேராக நின்றது. பழைய வண்டியாக இருந்தால்..."

அவர் முடிக்கவில்லை. மாமனாரும் பேசவில்லை.

(அவ்வளவு சொன்னவரின் ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது! அதை எடுத்துத் தலையில் வைக்க எந்த மெஷினும் வராது.)

"மண் ரோட்டில் இது சரிப்படுமா?" என்றார் பக்கத்தில் இருந்த மெக்கானிக். நியாயமான கேள்வி. ஜல்லியிலும் மணலிலும் ஏ.பி.எஸ். வண்டி சற்றுத் தள்ளி நிற்பது உண்டு. "சேறு அப்பினால் மஞ்சள் விளக்கு எரியும். என்னிடம் கம்ப்யூட்டர் ஏது? திண்டுக்கல்லுக்குப் போங்கள் என்பேன்" என்றும் சொன்னார்.

ஸ்கூட்டரில் பூ கொண்டுபோகும் அக்கா ஒருவருக்கு வேறு மெஷின் பிடித்திருக்கிறது. சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்தால் அவர் வண்டியில் என்ஜின் ஓடாது. "ஒரு தடவை விழுந்தவள் தம்பி நான். எனக்கு இது போதும்" என்கிறார். பட்டப்பகலில் எரியும் முன்விளக்குதான் அவருக்குத் தொல்லை! 2017 முதல் புது வண்டிகளில் அது தானாக எரிகிறது. எதிரே வருகிறவர்கள் இன்னும் கையை ஆட்டி, "லைட்டு எரியுது!" என்கிறார்கள்.

என் கட்சி என்ன? நான் மருமகன் பக்கம். ஆனால் ஒரு வருத்தம் உண்டு. ஆத்தூரில் பால் கேனும் உர மூட்டையும் சுமப்பது 100 சி.சி. வண்டி. மனைவி, குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதுதான். 2019 சட்டம் அதற்கு, ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் ஏற்பாடு போதும் என்று விட்டுவிட்டது. சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. ஏழை வண்டி மட்டும் வழுக்கலாமா?

2025 ஜூனில் மத்திய அரசு, சிறிய வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். என்று ஒரு வரைவு வெளியிட்டது. விலை ஏறுமே என்று உடனே பேச்சு எழுந்தது. ஏறத்தான் செய்யும். டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் வைக்க வேண்டுமே! ஆனால் கால் முறிந்தால் ஆகும் செலவை யார் கணக்குப் பார்த்தார்கள்?

தோப்புக்காரர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு, தன் பழைய வண்டியை உதைத்தார். கிளம்பவில்லை. திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது என்ன விலை?"