தோல்விக்குப் பின்னும் ஒரு சுற்று உண்டு

விளையாட்டு என்று வந்துவிட்டால் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இதைப் பள்ளி மேடைகளில் நாம் பலமுறை பேசியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். ஆனால் சதுரங்கப் போட்டிக்குப் போய், சுற்றுக்குச் சுற்று தோற்றுத் திரும்பும் நாளில் அந்தப் பேச்சு எதுவும் துணைக்கு வருவதில்லை. ஓட்டத்தில் தோற்றால் கால் வலித்தது என்று சொல்லலாம். கபடியில் தோற்றால் பழியை ஏழு பேர் பங்கிட்டுக் கொள்ளலாம். சதுரங்கத்தில் ஒவ்வொரு காயையும் நம் கையே நகர்த்தியது. ஆகவேதான் அந்தத் தோல்வி, "உனக்கு அறிவு போதாது" என்று யாரோ சொன்னதுபோல் சுடுகிறது.

இந்தச் சூடு பெரிய வீராங்கனைகளையும் விட்டுவைப்பதில்லை. சென்னையைச் சேர்ந்த கிராண்ட் மாஸ்டர் வைஷாலியையே எடுத்துக்கொள்வோம். உலகப் பட்டத்துக்காக மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி 2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்தது. 8 வீராங்கனைகள், 14 சுற்றுகள். நடுவில் வைஷாலி தொடர்ந்து 4 ஆட்டங்களில் தோற்றார். 9 சுற்றுகள் முடிந்தபோது அவர் கையில் இருந்தது 2.5 புள்ளிதான். பட்டம் இனி இல்லை என்று தெரிந்தபின் யாருக்காக ஆடுவது? ஆயினும் அவர் ஆடினார். மீதமிருந்த 5 ஆட்டங்களையும் வென்று, 7.5 புள்ளியுடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

அத்துடன் துன்பம் தீர்ந்ததா என்றால், இல்லை. 2025 ஆகஸ்டில், தம் சொந்த ஊரிலேயே நடந்த சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவில் 9 சுற்றுகளில் 1.5 புள்ளி மட்டுமே பெற்றார். அடுத்த மாதம் உஸ்பெகிஸ்தானின் சாமர்கண்டில் நடக்கவிருந்த கிராண்ட் சுவிஸ் போட்டிக்குப் போகவே வேண்டாம் என்று எண்ணினார். நெருங்கியவர்கள் தேற்றி அனுப்பினார்கள். 11 சுற்றுகளில் 8 புள்ளி பெற்று, 2023-இல் வென்ற அதே போட்டியை இரண்டாம் முறையும் வென்றார்.

நாம் எல்லோரும் வைஷாலி ஆகிவிட முடியாது. ஆனால் அடுத்த சுற்றுக்கு நேரத்துக்குப் போய் உட்கார எல்லோராலும் முடியும். சுவிஸ் முறைப் போட்டியில் தோற்றவளை வெளியே அனுப்புவதில்லை. அவளைப் போலவே புள்ளி பெற்ற இன்னொருத்தியின் எதிரே உட்கார வைக்கிறார்கள். ஆட்டத்தின் விதியே நமக்கு இடம் வைத்திருக்கும்போது, நாமாக எழுந்து போவது சரியாகுமா?

அழுகை வந்தால் அழுவோம்; அதில் வெட்கமில்லை. அழுது முடித்தபின் ஆட்டக் குறிப்புத் தாளைக் கிழிக்காமல் பத்திரப்படுத்துவோம். இரண்டு நாள் கழித்துப் பலகையை விரித்து, அதே ஆட்டத்தை மீண்டும் ஆடிப் பார்ப்போம். எந்த நகர்த்தலில் ஆட்டம் கைமாறியது, அப்போது கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சமிருந்தது என்று தேடுவோம். தேடினால் "எனக்கு அறிவில்லை" என்ற பெரிய துக்கம், "இருபதாம் நகர்த்தலில் குதிரையைக் கவனிக்கவில்லை" என்ற சிறிய பிழையாகச் சுருங்கிவிடும். சிறிய பிழையைத் திருத்தலாம். நம் குளச்சலிலும் முட்டத்திலும் வலை வெறுமையாக வந்த நாளிலும் மீனவர்கள் கரையில் உட்கார்ந்து கிழிசலைச் சரிசெய்கிறார்கள் அல்லவா? இரவெல்லாம் உழைத்து ஒன்றும் அகப்படாத இராயப்பரிடம்தான் நம் ஆண்டவர் மீண்டும் வலையை இறக்கச் சொன்னார்.

இனிப் பெற்றோரிடமும் அருட்சகோதரியரிடமும் மாணவியராகிய நாங்கள் பணிவுடன் ஒன்று கேட்கிறோம். பையன் தோற்று வந்தால், "அடுத்த முறை பார்க்கலாம்" என்கிறது வீடு. பெண் தோற்று வந்தால் பல வீடுகளில், "போதும், இனிப் படிப்பைப் பார்" என்ற சொல் எழுகிறது. பத்தாம் வகுப்பு நெருங்கினால் பலகை பரணுக்கே போய்விடுகிறது. படிப்பு பெரிது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தி ஆட்டத்தை விடுவதாயிருந்தால், ஆற அமர யோசித்து அவளே விடட்டும். தோற்ற நாளின் கண்ணீரோடு விட வேண்டாம். வைஷாலிக்குப் பின்னால், போட்டிகளுக்கு உடன் செல்லும் தாயார் நாகலட்சுமி அம்மாள் இருந்தார். சாமர்கண்டுக்குப் போ என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அந்தத் துணை எங்களுக்கும் வேண்டும்.

தோற்று வரும் மகளிடம் முதலில், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். "எத்தனை புள்ளி?" என்பதை மறுநாள் கேட்கலாம். அடுத்த போட்டி எப்போது என்பதை நாங்களே சொல்வோம்.