மாமன் கேட்ட கேள்வி

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் - தாவரவியல்)

பொங்கல் முடிந்த மறுவாரம் துபாயிலிருந்து என் தாய்மாமன் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவிடமும் ஆத்தாவிடமும் நலம் விசாரித்தபின், வழக்கத்திற்கு மாறாக என்னைக் கூப்பிடச் சொன்னார். "ஏம்மா, நம்ம குடும்பத்துல காலேஜ் வாசல மிதிச்சவ நீ ஒருத்திதான். பாப்பாவுக்கு நாலு வயசு ஆவுது. பிரிட்டிஷ் பாடத்திட்டம் நடத்துற ஸ்கூல்ல சேக்கறதா, நம்ம இந்தியன் ஸ்கூல்ல சேக்கறதான்னு தெரியல. நீ சொல்லு" என்றார்.

கரும்பு வெட்டும் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்து, கச்சிராயபாளையத்திற்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து நெரிசல் பேருந்தில் நின்றுகொண்டே வந்து படிக்கும் நான், துபாய் நகரத்துப் பள்ளிக்குத் தீர்ப்பு வழங்குவதா? முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் அச்சம் வந்தது. மாமன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்து ஏ.சி. மெக்கானிக்காகப் போனவர் அவர். பதினோரு ஆண்டு உழைத்து மேற்பார்வையாளராகி, சென்ற ஆண்டுதான் அத்தையையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டார். படிப்புச் செலவில் பாதியை நிறுவனம் தருமாம். மீதிப் பாதி அவர் வியர்வை. "ஒரு வாரம் பொறுங்க மாமா, படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் படித்ததும் எண்ணியதுமே இக்கட்டுரை.

நண்பர்களே, இது துபாய்க்காரர்களின் கவலை, நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். 2019 நவம்பரில் நம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதன்பின் ஊர் வளர்ந்ததோ இல்லையோ, பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் வளர்ந்துவிட்டன. 'இன்டர்நேஷனல்' என்று எழுதிய வேன்கள் காலையில் வரிசையாய்ப் போகின்றன. உள்ளே இருப்பவர்கள் சின்னசேலத்துப் பிள்ளைகளும் தியாகதுருகத்துப் பிள்ளைகளுமே! ஆங்கிலப் பெயர் கண்டால் மயங்கும் மனம் கடல் கடந்தும் நம்மோடு வருகிறது, அவ்வளவுதான்.

ஆயினும் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தைப் படிக்கத் தொடங்கியபோது என் எண்ணம் ஒன்று தவிடுபொடியானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு வயதிலேயே புத்தகமும் பிரம்புமாக ஆங்கிலத்தைப் புகட்டுவார்கள் என்றே நினைத்திருந்தேன். அப்படியில்லை. இங்கிலாந்தில் பிறந்தது முதல் ஐந்து வயது வரையிலான பருவத்திற்குத் தனியே ஒரு சட்டகம் 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கற்றல் துறைகள் ஏழு. அவற்றுள் முதன்மையானவை என்று மூன்றைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: பேசுதலும் மொழியும், உடல் வளர்ச்சி, மனமும் பிறரோடு பழகுதலும். எழுத்தும் எண்ணும் அதற்கு அடுத்த வரிசையில்தான் வருகின்றன. மணலில் விளையாடுவதும் கதை கேட்பதும் வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருப்பதுமே அங்கே பாடம்.

இதைப் படித்தபோது எங்கள் ஊர் அங்கன்வாடி நினைவுக்கு வந்தது. சத்துமாவு உருண்டையும் பாட்டும் மதியத் தூக்கமுமாய் நாங்கள் கழித்த பொழுதுக்குத் துபாயில் ஆயிரக்கணக்கில் திர்ஹாம் வாங்குகிறார்கள்! 1975இல் தொடங்கிய திட்டம் அது. நம் ஆயாம்மாவுக்கு இடமும் விளையாட்டுப் பொருளும் கூடுதலாய்க் கொடுத்திருந்தால் அவரும் யாருக்கும் சளைத்தவராய் இருந்திருக்க மாட்டார். அது நிற்க.

அச்சட்டகத்தில் என்னை நிறுத்திய இடம் வேறொன்று. வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் குழந்தை, தன் வீட்டு மொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்தவும் வளர்த்துக்கொள்ளவும் பள்ளி வாய்ப்பளிக்க வேண்டும் என்று அதிலேயே விதித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் தம் சட்டத்திலேயே எழுதி வைத்திருப்பதை நம்மவர் வீட்டிலேயே அழிக்கிறோம்! ஏனெனில் மாமன் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "ஸ்கூல்ல சேத்ததுலேருந்து வீட்லயும் இங்கிலீஷ்தான் பேசணும்னு பக்கத்து பிளாட்ல எல்லாரும் சொல்றாங்க." அத்தை பத்தாம் வகுப்பு. அவர் பேசும் அரைகுறை ஆங்கிலத்தில் அந்தக் குழந்தை எதைக் கற்கும்? மூன்று வயது வரை ஆத்தா மடியில் கிடந்து கதை கேட்ட பிள்ளை அது.

இவ்விடத்தில் என் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்தவள். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. சாலையும் பள்ளியும் அங்கே பிந்தித்தான் ஏறின. அவளை ஆறு வயதில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். அவள் பேசியதும் தமிழ்தான். ஆனால் மலைத் தமிழ். அவள் வாய் திறந்தால் கீழிருந்து வந்த பிள்ளைகள் சிரிப்பார்களாம். ஒருமுறை ஆசிரியரும் சிரித்திருக்கிறார். அன்று முதல் பல மாதம் அவள் வகுப்பில் பேசவேயில்லை. "ஊமைன்னு நெனச்சுட்டாங்கடி" என்று இன்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவளைப் பேச வைத்தவர் சமையற்கட்டில் வேலை செய்த ஓர் அக்கா. அவரும் மலையேறிப் போகும் ஊர்க்காரர். சாமை வடிக்கும்போது அவளை அருகில் உட்கார வைத்து வீட்டுப் பேச்சிலேயே பேசுவாராம். "அந்த அக்கா இல்லேன்னா நான் ஓடிப் போயிருப்பேன்" என்றாள்.

அதைக் கேட்டபின் மாமனிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி எனக்குக் கிடைத்துவிட்டது. பள்ளியின் நீச்சல் குளத்தையும் கணினி அறையையும் பார்த்தீர்களே, குழந்தை அழுதால் தூக்குகிறவர் யார், அவர் எந்த மொழியில் சமாதானம் சொல்வார் என்று பார்த்தீர்களா?

பெயரை நம்பவும் கூடாது. 'பிரிட்டிஷ்' என்று பலகை மாட்டிய பள்ளிகள் எல்லாம் ஒரே தரம் அல்ல. வெளிநாட்டிலுள்ள இத்தகைய பள்ளிகளை ஆய்வு செய்ய பிரிட்டன் கல்வித்துறையே 'பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் ஓவர்சீஸ்' என்றொரு திட்டம் வைத்திருக்கிறது. பள்ளி அதில் தேறியதா என்று கேட்கலாம். துபாயில் 2006இல் அமைந்த கே.எச்.டி.ஏ. என்னும் ஆணையம், தனியார் பள்ளிகளை ஆய்ந்து தரம் கூறும் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாக வெளியிட்டிருக்கிறது. அவை இணையத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. பக்கத்துப் பிளாட்காரர் சொல்வதைவிட அது மேல்.

இனி, எல்லாவற்றினும் பெரிய கேள்வி: திரும்பி வருவீர்களா? மாமன் வேலை இருக்கும்வரைதான் விசா. "எப்படியும் பத்து வருசத்துல ஊருக்கு வந்துருவோம்மா, கோமுகி அணைக்குப் பக்கத்துல நெலம் பாத்து வெச்சிருக்கேன்" என்பது அவருடைய நீண்ட நாள் பேச்சு. அப்படியானால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? பிரிட்டிஷ் முறையில் ஐந்து வயதில் 'முதலாம் ஆண்டு'. ஆகவே அங்கே ஆறாம் ஆண்டு என்பது இங்கே ஐந்தாம் வகுப்பு. அங்கே ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி ஜூலையில் முடியும். நமக்கு ஜூனிலேயே பள்ளி திறந்துவிடும். இவை சிறு தடைகளே. பெரிய தடை தமிழ். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். அமீரகத்துத் தனியார் பள்ளிகளில் அரபியும் பாடம். ஆக, ஆங்கிலமும் அரபியும் எழுதத் தெரிந்த பிள்ளை, பதினான்கு வயதில் ஊர் திரும்பி 'அ'னாவில் தொடங்க வேண்டும்.

பதினாறு வயதில் எழுதும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வையும், பதினெட்டு வயது 'ஏ லெவல்' தேர்வையும் இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் நிபந்தனைகளோடு ஏற்கிறது. எனவே வழி அடைபட்டதென்று சொல்ல மாட்டேன். மேற்படிப்புக்கு இலண்டனுக்கோ சிட்னிக்கோ அனுப்பும் வசதியுள்ளவர்களுக்கு அது நேரான பாதை. ஆனால் மேல் வகுப்புக்கு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஆண்டுக்கு ஓர் இலட்சம் திர்ஹாமைத் தாண்டும் பள்ளிகளும் அங்கே உண்டு. பாதிவழியில் பணம் தீர்ந்து இறங்கினால் இறங்குவது குழந்தைதான்.

ஒரு வாரம் கழித்து மாமனிடம் என் கருத்தைச் சொன்னேன். "ரெண்டு வருசம் அந்தப் பிரிட்டிஷ் ஸ்கூல்லயே இருக்கட்டும் மாமா, விளையாடட்டும். ஆறு வயசு ஆன ஏப்ரல்ல இந்தியன் ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் சேத்துருங்க. சி.பி.எஸ்.இ. பாடப் பட்டியல்ல தமிழ் இருக்கு. எந்த ஸ்கூல்ல அத நடத்துறாங்கன்னு இப்பவே விசாரிங்க. வீட்ல மட்டும் இங்கிலீஷ் வேண்டாம்."

மாமன் உடனே ஏற்கவில்லை. "நடுவுல மாத்துனா புள்ள ஏங்கிப் போயிரும்மா. ரெண்டு தடவ அட்மிஷன் பணம் வேற" என்றார். அது நியாயமான பேச்சு. என்னிடம் முழு விடை இல்லை. எழுத்துச் சுமை இல்லாத இந்தியப் பள்ளி அருகில் கிடைத்தால் முதலிலிருந்தே அதில் சேர்ப்பது இன்னும் நல்லது என்றேன். ஆனால் நான்கு வயதில் பக்கம் பக்கமாய் எழுத வைக்கும் பள்ளி என்றால், ஒரு முறை ஏங்குவதே மேல் என்பது என் கருத்து. மலைத் தோழியும் ஏங்கித்தானே தேறினாள் என்று நீங்கள் கேட்கலாம். அவளோடு மலையேறிப் பலர் போனார்கள். ஓடி வந்துவிட்டவர்கள் இக்கல்லூரியில் இல்லை.

மாமன் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்று மட்டும் நடந்திருக்கிறது. ஞாயிறுதோறும் ஆத்தா தொலைபேசியில் அரைமணி நேரம் கதை சொல்கிறார். போன வாரம் மலையில் கடுக்காய் பொறுக்கப் போன கதை. "கடுக்காய்னா என்ன ஆத்தா?" என்று குழந்தை கேட்டுவிட்டது. விளக்கிச் சொல்லத் தெரியாமல் ஆத்தா தவித்தார். அடுத்த மாதம் துபாய் திரும்பும் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்ப, முறுக்குப் பொட்டலத்திற்குள் நான்கு கடுக்காய் முடிந்து வைத்திருக்கிறோம்.