வீட்டுக் கடனை முந்திக் கட்டுவோம், உறுதியையும் கேட்டு வாங்குவோம்

சம்பள நாளில் எம்மவர்கள் சிட்டையை வாங்கியதும் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். கையில் எவ்வளவு வரும் என்பதுதான் கவலை. நடுவில் இருக்கும் கழிவுகளை யாரும் நின்று வாசிப்பதில்லை. சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில் காசு, தேயிலைத் தூள், மரண உதவிச் சங்கம் என்று ஒரு நீண்ட வரிசை. அந்த வரிசையில் 'வீடு' என்றும் ஒரு கழிவு பல குடும்பங்களுக்கு உண்டு. அதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம்.

எமது கிளைக்கு ஓர் ஐயா வந்தார். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் இருபது வருடத்துச் சம்பளச் சிட்டைகள், ரப்பர் வளையம் போட்டு வருட வாரியாகக் கட்டியிருந்தன. “தலைவரே, வீட்டுக் கடன் முடிஞ்சிருச்சான்னு கேட்டா, ஆபிஸ்ல யாருக்கும் தெரியலங்கிறாங்க” என்றார். நாம் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பின்னேரம் முழுக்கக் கூட்டிப் பார்த்தோம். கடன் முடிந்தது மட்டுமல்ல, மூன்று மாதம் கூடுதலாகவும் கழித்திருந்தார்கள். கடிதம் போட்டோம், அந்தப் பணம் திரும்பி வந்தது. ஆனால் வீட்டுக்கு உறுதி இன்றுவரை வரவில்லை. பிஸ்கட் டின் இல்லாதவர்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அதே காலத்தில் வீடமைப்புக்கும் நலன்புரிக்குமாக ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. அதுவே 2002இல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் மாறியது. லயத்துக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போக அன்று கிடைத்த பெரிய வழி கடன்தான். தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் ஊடாகக் கடன் கொடுத்தார்கள், செக்ரோலில் மாதாமாதம் கழித்தார்கள். மண் சுமந்து, கல் சுமந்து, சொந்தக் கையாலேயே சுவர் எழுப்பியவர்கள் எம்மவர்கள். பின்னால் வந்த இந்திய வீடமைப்புத் திட்டம் மானியம், அதில் கடன் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபின் பூனாகலையில் கட்டப்பட்ட வீடுகளும் இலவசம். அது நியாயமானது. உயிரைக் கொடுத்தவர்களிடம் தவணை கேட்க முடியாது. எமது கேள்வி வேறு. இருபது வருடம் தவணை கட்டி முடித்தவரின் கையில், இலவசமாக வீடு பெற்றவரின் கையில் உள்ள அளவுக்குக்கூட ஒரு கடதாசி இல்லையே, ஏன்?

இது பழைய கதை மட்டுமல்ல. அந்த ஐயாவின் மகள் இப்போது வீட்டைப் பெருப்பிக்கப் பார்க்கிறார். மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான், மாதாமாதம் ஏதோ அனுப்புகிறான். ஒரு குசினியும் ஒரு அறையும் இறக்க வேண்டும். வங்கிக்குப் போனால் முதல் கேள்வி “காணி உறுதி இருக்கா?” என்பதுதான். உறுதி இல்லாவிட்டால் ஈடு இல்லை. ஈடு இல்லாவிட்டால் மலிவான கடனும் இல்லை. மிஞ்சுவது நகை அடகும் கிழமை லோனும்தான். இன்னொரு வழி ஊழியர் சேமலாப நிதி. எமது மீதியில் 75 வீதம் வரை பிணையாக வைத்து அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் வீட்டுக் கடன் எடுக்கலாம், தொழில் திணைக்களத்தின் ஊடாக விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தவணை தவறினால் அது எமது சேமலாப நிதியிலிருந்தே போகும். வயதான காலத்துக்கு ஒதுக்கிய காசு அது. ஆகவே இந்தக் கடனை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது.

சீக்கிரம் முடிக்கப் பெரிய தொகை வேண்டும் என்று நினைப்பதுதான் பிழை. ஒரு கணக்குச் சொல்கிறோம், பிள்ளைகளை விட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து இலட்சம் ரூபா, வருட வட்டி 12 வீதம், பத்து வருடத் தவணை என்று வைப்போம். மாதத் தவணை சுமார் 7,174 ரூபா. முதல் மாதம் கட்டும் அந்தப் பணத்தில் 5,000 ரூபா வட்டிக்கே போய்விடும். முதலில் குறைவது 2,174 ரூபா மட்டும்தான். பத்து வருடமும் இப்படியே கட்டினால் மொத்தம் 8 இலட்சத்து 60 ஆயிரத்துக்குச் சற்று மேல் போகும். அதாவது வாங்கியது ஐந்து இலட்சம், வட்டி மட்டும் மூன்றரை இலட்சத்துக்கு மேல்.

இப்போது மாதம் 500 ரூபா மட்டும் கூடுதலாகக் கட்டுங்கள். கடன் 120 மாதத்துக்குப் பதிலாக 106 மாதத்தில் முடியும், வட்டியில் 47,000 ரூபாவுக்கு மேல் மிஞ்சும். 1,000 ரூபா கூடுதலாகக் கட்டினால் எட்டு வருடத்தில் முடியும், 83,000 ரூபாவுக்கு மேல் மிஞ்சும். இதில் மாயம் எதுவும் இல்லை. வட்டி கணக்கிடப்படுவது மிச்சமிருக்கும் முதலுக்கு. இன்று முதலில் 1,000 ரூபா குறைந்தால், கடன் முடியும்வரை ஒவ்வொரு மாதமும் அந்த 1,000 ரூபாவுக்கு வட்டி இல்லை. ஆரம்ப வருடங்களில் கட்டும் கூடுதல் காசுக்குத்தான் பலன் அதிகம். கடைசி வருடத்தில் ஓடி ஓடிக் கட்டுவதில் பெரிதாக மிஞ்சாது.

“500 ரூபாவுக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,000 ரூபாவிலிருந்து 1,350 ஆனது. போராடி வாங்கிய 350 அது. மாதம் இருபது பேர் விழுந்தால் 7,000 ரூபா. அரிசியும் மாவும் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பது எமக்குத் தெரியும், நாமும் அதே கடையில்தான் சாமான் வாங்குகிறோம். ஆனாலும் பழைய தவணை பழைய சம்பளத்துக்குப் போட்ட தவணை. சம்பளம் ஏறும்போது தவணையையும் ஒரு சிறு அளவு ஏற்றிவிட்டால், கை பழகிவிடும்.

ஊவாவில் மாதம் எல்லாம் ஒன்றல்ல. ஆடி, ஆவணிக் காற்றில் கொழுந்து குறையும். தரமான தேயிலை அப்போதுதான் வரும் என்று கொழும்பு ஏலத்தில் விலை பேசுவார்கள், எம்மவர்களுக்கோ பேர் குறையும். அந்த மாதங்களில் கூடுதலாகக் கட்ட யாரும் முயல வேண்டாம். கொழுந்து பொங்கும் மாதங்களில் வரும் மேலதிகக் கிலோவையும் கைக்காசையும் பாருங்கள். அதில் ஒரு பங்கு போதும். தீபாவளி முற்பணத்தை முந்திக் கட்டுவதில் அர்த்தமில்லை, அதற்கு வட்டி இல்லை.

எந்தக் கடனை முதலில் குறைப்பது என்பதிலும் எம்மவர்கள் தடுமாறுகிறார்கள். எமது கருத்து இது. கிழமை லோன் இருந்தால் வீட்டுக் கடனில் கூடுதலாக ஒரு சதமும் போடாதீர்கள், முதலில் அந்தக் கிழமை லோனிலிருந்து வெளியே வாருங்கள். 50,000 ரூபா கொடுத்து, வருடத்துக்கு 12,000 ரூபா வட்டி சேர்த்து, 52 கிழமைக்குப் பிரித்துவிட்டு “24 வீதம்தான்” என்பார்கள். பாதி முதலைத் திருப்பிக் கொடுத்த பிறகும் முழு 50,000க்கும் வட்டி வாங்குகிறார்கள் அல்லவா? உண்மையான வட்டி 40 வீதத்துக்கு மேல். இன்னொரு பொறியும் உண்டு. இவ்வகைக் கடனில் முந்திக் கட்டினாலும் சிலர் முழு வட்டியையும் அறவிடுவார்கள். முந்தி முடித்தால் எவ்வளவு வட்டி தள்ளுபடி என்று எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஹாலி-எலயிலும் லுணுகலையிலும் வெள்ளிக்கிழமை வந்தால் லயத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் தாய்மாரை நாம் கண்டிருக்கிறோம். இது அவர்களுடைய வெட்கமல்ல.

அதற்கு அடுத்தது அடகு நகை. பகுதி பகுதியாகக் கட்டி முதலைக் குறைக்க முடியுமா என்று அடகுக் கடையில் கேளுங்கள். வீட்டுக் கடன் அதற்குப் பிறகு.

எமது கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர் மறுத்துப் பேசினார். ரூபாவின் பெறுமதி விழுகிறது, 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது, பழைய கடன் தானாகவே சிறுத்துப்போகும், ஏன் முந்திக் கட்ட வேண்டும் என்றார். சொன்னதில் விஷயம் இருக்கிறது. குறைந்த நிலையான வட்டியில் கடன் எடுத்தவர் அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் அதே 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களின் தவணை அதன் பிறகு எப்படி ஏறியது என்பதையும் கண்டோம். சம்பளமோ 2021 மார்ச்சில் வந்த 1,000 ரூபாவிலேயே நின்றது. கடனின் பெறுமதி சிறுக்க வேண்டுமானால் எமது சம்பளமும் விலையோடு ஏற வேண்டும். அது எமக்கு எப்போது நடந்தது?

இன்னொரு தோழி கேட்டது இன்னும் முக்கியம். “எல்லாத்தையும் கடனுக்குக் கட்டிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல்னா என்ன செய்றது அண்ணே?” சரியான கேள்வி. கடனுக்குள் போட்ட காசைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே கூடுதலாக மிஞ்சும் 1,000 ரூபாவில் பாதியை வங்கிப் புத்தகத்திலோ நம்பிக்கையான சீட்டிலோ வையுங்கள். இரண்டு மாதச் செலவுக்கு அங்கே சேர்ந்த பிறகு முழுவதையும் கடனுக்குத் திருப்பலாம்.

கூடுதலாகக் கட்டும்போது சும்மா காசை நீட்டிவிட்டு வராதீர்கள். பல இடங்களில் அதை அடுத்த மாதத் தவணை என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் முதல் குறையாது, கணக்குப் போட்டதெல்லாம் வீண். 'இத்தொகையை முதலில் கழிக்கவும், தவணைக் காலத்தைக் குறைக்கவும்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். முந்தி முடிப்பதற்குக் கட்டணம் உண்டா என்பதைக் கடன் எடுக்கும் நாளிலேயே கேளுங்கள். கட்டணம் வட்டி மிச்சத்தைவிடக் கூடுதலென்றால் காசை வேறு தேவைக்கு வைத்திருக்கலாம். பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். அந்த ஐயாவின் பிஸ்கட் டின்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

செக்ரோலில் வீட்டுக் கடன் கழிக்கும் தோட்டங்களிடம் நாம் கேட்பது இரண்டு. ஒன்று, வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தொழிலாளிக்கும் தமிழில் ஒரு கணக்குக் கூற்று வேண்டும். எவ்வளவு கட்டியது, எவ்வளவு மிச்சம், வட்டி எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். மற்றது, தொழிலாளி விரும்பினால் கூடுதல் கழிவுக்கு வழி வேண்டும். சந்தாவைக் கழிக்கத் தெரிந்த அலுவலகத்துக்கு 500 ரூபாவைக் கூடுதலாகக் கழிக்கத் தெரியாமல் இல்லை.

அரசாங்கத்திடம் கேட்பது ஒன்றுதான். காணி உறுதி வழங்கும்போது, கடனைக் கட்டி முடித்தவர்களை வரிசையின் முன்னால் நிறுத்துங்கள். வீட்டையும் நிலத்தையும் சேர்த்து, பெண்ணின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வங்கிக் கடனுக்கு உறுதியை ஈடு வைத்தவர்கள் கடன் முடிந்ததும் வங்கியிடம் விடுவிப்புப் பத்திரம் வாங்கி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால், கட்டி முடித்த வீடு கடதாசியில் இன்னும் வங்கியின் ஈட்டில்தான் இருக்கும். பிள்ளைகள் நாளை விற்கவோ பிரிக்கவோ போகும்போதுதான் அது தெரியவரும்.

ஐயாவின் மகள் சேமலாப நிதிக் கடனுக்கு விண்ணப்பம் நிரப்பிவிட்டார். முதல் தவணையிலிருந்தே 500 ரூபா சேர்த்துக் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார், மகனும் அதற்குச் சம்மதம். கிளைச் செயலாளரிடம் கணக்குப் போட ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். சம்பளத்துக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் கடன் பத்திரங்களையும் சிட்டைகளையும் கொண்டு வாருங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டி வரலாம்.