கூரையற்றோரின் கதிரவன்

கதிரவன் எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. அவனது ஒளியை மின்சாரமாக்கும் வாய்ப்பு மட்டும் ஏன் சிலருக்கே உரியதாகிறது?

2016-இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால், 2022-க்குள் கூரைகளின் மேல் 40,000 மெகாவாட் என நடுவண் அரசு வகுத்த இலக்கோ எட்டப்படவில்லை. 2024-இல் தொடங்கிய திட்டம், ஒரு கோடி வீடுகளைக் குறிவைத்து 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. நன்று! ஆயினும், அதைப் பெறத் தகடு பதிக்கத் தகுந்த சொந்தக் கூரை வேண்டுமே! குடிசைவாசிக்கும் வாடகை வீட்டாருக்கும் என்ன வழி?

"மெகாவாட் பெருகினால் போதும்" என்போர் உற்பத்தியை எண்ணுகிறார்கள், பங்கீட்டை மறக்கிறார்கள். ஊர்ப் பொதுக் கட்டடங்களின்மேல் தகடுகள் பதித்து, விளையும் மின்சாரத்தைக் கூரையற்றோரின் கட்டணத்தில் கழிக்கட்டும். அதுவரை, நாம் புகழும் பரவலாக்கம் உள்ளவருக்கே மேலும் கொடுப்பதன்றி வேறென்ன?