அட்டையோடு கூட ஓர் ஆளும் வேண்டும்

கொட்டாரத்திலும் பக்கத்து ஊர்களிலும் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

உங்கள் வீட்டு அலமாரியில், ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் நடுவில், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஒன்று இருக்கும். எப்போது எடுத்தது, யார் யார் பெயர் அதில் இருக்கிறது என்று கேட்டால் பாதி வீடுகளில் பதில் வராது. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கும்போதுதான் அலமாரியைக் குடைந்து அதைத் தேடுவோம். அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்கள்தான் இந்த வேண்டுகோளை எழுதுகிறோம். எங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் உண்டு, ஆட்டோ ஓட்டுகிறவர் உண்டு, கயிறு வேலைக்குப் போகிறவர்களும் தையல் வேலை செய்கிறவர்களும் உண்டு. கட்சி கிடையாது. சங்கம் என்று பெயர் வைக்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை.

சென்ற ஆண்டு எங்களில் ஒருவருடைய மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. திட்டத்தின் பட்டியலில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அட்டையைப் பார்த்ததும் சேர்த்துக்கொண்டார்கள். “அப்ரூவல் போட்டிருக்கு, வந்ததும் ஆபரேஷன்” என்றார்கள். முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கொடுக்கவில்லை. மத்தியானம் வந்து, இன்றைக்கு இல்லை, கஞ்சி கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் ஒருவர் மருமகனைத் தனியாகக் கூப்பிட்டார். அப்ரூவல் வந்துவிட்டதாம். ஆனால் பேக்கேஜில் வருவது சாதா பிளேட்டாம். நல்லதாகப் போட வேண்டுமானால் முப்பத்தைந்தாயிரம் கட்ட வேண்டும், அதற்கு ரசீது கிடைக்காது. மாமியார் மகளிடம் கேட்டது இதுதான்: “கார்டு இருக்குன்னுதானே சொன்ன மக்ளே, பொறவு பைசா எதுக்கு?” யாரிடமும் பதில் இல்லை. செயினை அடகு வைத்துக் கட்டினார்கள்.

திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது விதி. அது பிறகுதான் எங்களில் மற்றவர்களுக்குத் தெரிந்தது. விதி தெரிந்த எங்கள் ஆசிரியர் அன்றைக்குக் கொட்டாரத்தில்தான் இருந்தார். அவரை ஒரு போனில் கூப்பிட்டிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்த வேண்டுகோளின் காரணம் அந்த ஒரு போன்தான்.

திட்டத்தைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்றானது. 2022 ஜனவரியில் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தபோது வருமான வரம்பை 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். ஆட்சி மாறியும் ஒரு திட்டம் நின்றுபோகாமல் வளர்வது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு இன்றைக்கும் கடை திறக்கிறவர், காது கேளாமல் பிறந்து காக்ளியர் கருவி பொருத்தியபின் பேசப் பழகும் குழந்தை, வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் எல்லாம் இந்த அட்டையால் பிழைத்தவர்கள்தான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதே அட்டைக்குத்தான் சிகிச்சை நடக்கிறது. அங்கே நம் அட்டைக்கு வரும் பணம் அரசு மருத்துவமனைக்கே போய்ச் சேர்கிறது. நாம் அங்கே போவது பிச்சைக்கல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஆனால் இதன் உள்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 2022 ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம். சுமார் 1.37 கோடிக் குடும்பம். அரசு இந்தப் பணத்தை யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸுக்குக் கட்டுகிறது. ஆஸ்பத்திரி ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்னால் அனுமதி கேட்க வேண்டும். காகிதங்களைச் சரிபார்க்க மூன்றாம் தரப்பு நிர்வாகி என்று நடுவில் ஒரு நிறுவனம் உண்டு. சிகிச்சைக்கு விலை முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறது. அதற்குப் பெயர்தான் பேக்கேஜ். அந்தத் தொகை கட்டுப்படியாகவில்லை, அதுவும் தாமதமாக வருகிறது என்று தனியார் மருத்துவமனைகள் வெகுநாளாகச் சொல்கின்றன. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குறையைச் சரிக்கட்ட அவர்கள் போக வேண்டிய இடம் சென்னை. கிணற்றடியில் விழுந்த கிழவியின் மகளுடைய கழுத்தல்ல.

எங்கள் பாட்டிமார் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போன கதையைச் சொல்வார்கள். 1838-ல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணி அது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், ஊர் திரும்பும் முன் நெய்யூரைப் பார்க்க வந்து, கூட்டத்தைக் கண்டு, அங்கேயே வேலை செய்வதென்று முடிவெடுத்துப் பிறகு திரும்பி வந்தார். அங்கே போகிறவர்கள் அரிசி, பானை, சட்டியோடு கூட ரெண்டு ஆளையும் கூட்டிக்கொண்டு போவார்களாம். அந்தக் காலத்தில் டாக்டர் ஒரு பக்கம், நோயாளி ஒரு பக்கம். இன்றைக்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது. இது நம் ஊர்க் கொடுமை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1973-ல் நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் வளர்ந்த முறையும் இதேதான்: பட்டியலில் உள்ள டாக்டரிடம் போ, முன் அனுமதி வாங்கு. செலவைக் குறைக்க என்று வந்த அந்த அனுமதிச் சீட்டைப் பற்றி அங்குள்ள நோயாளிகளும் டாக்டர்களும் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பணக்கார நாட்டிலேயே அப்படியென்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அரசு ஊழியர்களும் ஓய்வூதியக்காரர்களும் இது ஏழைகள் விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2022 ஜூலையிலிருந்து ஓய்வூதியத்தில் காப்பீட்டுக்காக மாதம் 497 ரூபாய் பிடிக்கிறார்கள். பிடிப்பது தவறுவதில்லை. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குச் சேர்ந்துவிட்டால்தான் தகராறு. அந்தக் காரணத்தை மட்டும் சொல்லிப் பணத்தை மறுக்கக் கூடாது என்று மத்திய அரசின் ஓய்வூதியர் ஒருவர் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுப்புக் கடிதத்தோடு விட்டுவிட்டவர்கள் அதை மறுபடி எடுத்துப் பாருங்கள். சொந்தக் காசில் பாலிசி எடுத்தவர்களுக்கு ஒரு செய்தி: ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதமே உத்தரவு போட்டிருக்கிறது. சாயங்காலம் வரை பில் கவுண்டர் முன்னால் பையோடு உட்கார்ந்திருக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இருதயம், மூளை, புற்றுநோய் என்றால் நம்மில் பலருக்குக் கால் தானாகத் திருவனந்தபுரம் பக்கம்தான் போகும். 1956 நவம்பர் 1 வரை அதுதானே நம் தலைநகரம். ஆனால் அட்டைக்கு எல்லை உண்டு. ஆயுஷ்மான் பட்டியலில் இருக்கும் குடும்பத்துக்கு வேறு மாநிலத்தில் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையிலும் சிகிச்சை பெற வழி இருக்கிறது. மாநிலத் திட்டத்தில் மட்டும் இருக்கும் குடும்பத்துக்கு அந்த வழி இல்லை. இரண்டு வீட்டிலும் அட்டை இருக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. களியக்காவிளை தாண்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

அதனால் முதல் வேண்டுகோள்: இந்த வாரமே அட்டையை எடுத்துப் பாருங்கள். கல்யாணமாகி வந்த மருமகள், பிறந்த பேரன் பெயர் அதில் ஏறியிருக்கிறதா? போன் நம்பர் உங்களுடையதுதானா? சிரிக்க வேண்டாம், ஆயுஷ்மான் திட்டத்தில் நாடு முழுக்க ஏழரை லட்சம் பேர் வரை ஒரே போன் நம்பரில், அதுவும் பத்து ஒன்பதுகள் கொண்ட நம்பரில், பதிவாகியிருந்ததை 2023-ல் தணிக்கைத் துறை கண்டுபிடித்தது. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். படுத்த பிறகு ஓடுவதைவிட நடக்கும்போது போவது நல்லது.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். இந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா, இந்த நோய்க்கு இங்கே அனுமதி உண்டா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் ஒரு ஆஸ்பத்திரி எலும்புக்குப் பட்டியலில் இருக்கும், இருதயத்துக்கு இருக்காது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. சேர்ந்த பிறகு யாராவது மேற்கொண்டு பணம் கேட்டால் சண்டை போட வேண்டாம். “எழுதித் தாருங்க சார், ரசீது தாருங்க” என்று மட்டும் சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு நின்றுவிடுவார்கள். மறுத்தாலும் எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் போய் நாம் வாயால் அழத்தான் முடியும்.

சாதாரண ஓபி பார்ப்பதும், மாதாமாதம் வாங்கும் மாத்திரையும் இந்த அட்டையில் வராது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து வீடு தேடி வருகிறது. உங்கள் தெருவுக்கு வரவில்லையென்றால் சொல்லுங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.

பெரிய வேண்டுகோள் இனிமேல்தான். மாதத்தில் ஒரு நாளைத் தாருங்கள். படித்த பிள்ளைகள், ஓய்வுபெற்றவர்கள், ஓரளவு தைரியமாகப் பேசத் தெரிந்த பெண்கள், யாரானாலும் சரி. தெருவில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், வீட்டுக்காரர்கள் நோயாளியைப் பார்த்துக்கொள்ளட்டும். காகிதத்தைப் பார்க்க ஒருவர் கூடப் போக வேண்டும். அட்டையின் நகல், சேர்த்த நேரம், அனுமதி கேட்ட நேரம், வந்த நேரம், யார் என்ன சொன்னார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பதுதான் வேலை. டாக்டரிடம் வாதாட அல்ல. அவருக்கும் இந்தக் காகிதத் தொல்லை உண்டு. ஆறு மாத நோட்டுகள் சேர்ந்தால், எந்தச் சிகிச்சைக்கு அனுமதி எத்தனை நாள் இழுக்கிறது, எங்கே ரசீதில்லாமல் வாங்குகிறார்கள் என்று நம் வட்டாரக் கணக்கு நம் கையில் இருக்கும். அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது, மறுப்புக்கான காரணத்தைத் தமிழில் எழுதி நோயாளி கையில் தர வேண்டும் என்று அந்தக் கணக்கோடு போய்க் கேட்க நினைக்கிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொட்டாரம் சந்திப்பில் கூடுகிறோம். வரும்போது வீட்டு அட்டையையும் ஒரு பேனாவையும் எடுத்து வாருங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் அயல்வீட்டுக்காரர் இருந்தால் அவருடைய அட்டையையும், முடிந்தால் அவரையும்.